விடுதிக்குள் அரிவாள் வெட்டு: இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரித்தால் என்ன செய்வது?

ராமேஸ்வரத்தில் தந்தை காலத்திலிருந்து யாத்ரிகர் விடுதி நடத்திவரும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளையும் இடத்தையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அக்னி தீர்த்தத்துக்கு நடந்தே போகும் தொலைவில் இருக்கும் அந்த விடுதியில் 26 அறைகள் உள்ளன. பின்புறம் வேன்களும் கார்களும் நிறுத்தக் காலியிடம் இருக்கிறது. தை அமாவாசைக்கு முந்தைய இரவு, யாத்ரிகர்களை அழைத்துவந்த வேன் ஓட்டுநர் ஒருவர் தன் வண்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார். நள்ளிரவு கடந்த பின் பின்பக்கக் கேட் வழியாக உள்ளே வந்த இருவர் அவரை அரிவாளால் வெட்டியிருக்கிறார்கள். சவாரி பிடிப்பதில் ஏற்பட்ட தகராறுதான் காரணம் என்பது போலீஸ் விசாரணையில் தெரிந்திருக்கிறது. தடுக்கப்போன வாட்ச்மேனுக்கும் முன்கையில் வெட்டு. ஓட்டுநருக்கு ராமேஸ்வரத்தில் முதலுதவியும், ராமநாதபுரத்திலும் பிறகு மதுரையிலும் சிகிச்சையும் நடந்தன. உயிர் பிழைத்துவிட்டார், ஆனால் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை, ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை.

வெட்டியவர்கள் கைதாகி வழக்கு நடக்கிறது. இதற்கிடையே, விடுதியின் கவனக்குறைவால்தான் இது நடந்தது என்று சொல்லி 14 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டு ஓட்டுநரின் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். வாசகரிடம் 25 லட்சம் ரூபாய் வரம்புள்ள பொதுப் பொறுப்புக் காப்பீடு, அதாவது பப்ளிக் லயபிலிட்டி பாலிசி, இருக்கிறது. நிறுவனமோ மூன்று காரணங்களைச் சொல்லி மறுத்துவிட்டது: இது விபத்து அல்ல, வேண்டுமென்றே செய்யப்பட்ட குற்றம்; வன்தாக்குதலால் எழும் கோரிக்கைகளுக்குப் பாலிசியில் விலக்கு இருக்கிறது; சம்பவம் நடந்து 40 நாள் கழித்தே தகவல் தரப்பட்டது. “லாட்ஜுக்குள்ள எது நடந்தாலும் கவர் ஆகும்னு ஏஜென்ட் சொல்லித்தான் வாங்கினேன். வெட்டினவன் ஜெயிலில் இருக்கும்போது நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? நான் கட்ட வேண்டும் என்றால் இன்சூரன்ஸ் எதற்கு?” என்று கேட்கிறார்.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டிருக்கும் அந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் வழி கிடைக்கும்.

வெட்டியவர் மீது வழக்கு இருப்பது உங்களைக் காப்பாற்றாது

குற்ற வழக்கு அரசுக்கும் வெட்டியவர்களுக்கும் இடையிலானது. ஓட்டுநர் உங்களிடம் கேட்பது அந்தக் குற்றத்துக்கான தண்டனைப் பணம் அல்ல. விருந்தினரையும் அவரோடு வந்தவர்களையும் நியாயமான அளவுக்குப் பாதுகாக்கும் கடமை விடுதி நடத்துபவருக்கு உண்டு, அதை நீங்கள் செய்யவில்லை என்பதே அவருடைய வாதம். உங்கள் கடிதத்திலேயே அந்த வாதத்துக்கு வலு சேர்க்கும் விஷயங்கள் இருக்கின்றன என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்பக்கக் கேட்டின் தாழ்ப்பாள் கார்த்திகையிலிருந்தே உடைந்திருந்ததாக எழுதுகிறீர்கள். வண்டி நிறுத்துமிடத்தைப் பார்க்கும் கேமரா வேலை செய்யவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பவத்துக்கு இரண்டு நாள் முன்பு அதே இடத்தில் ஓட்டுநர்களுக்குள் கைகலப்பு நடந்ததையும், “வெளி ஆட்கள் மிரட்டிவிட்டுப் போனார்கள்” என்பதையும் உங்கள் மேலாளர் வரவேற்பறை நோட்டில் பச்சை மையில் எழுதி வைத்திருக்கிறார். எதிர்பார்த்திருக்கக்கூடிய ஆபத்தா என்பதே இப்படிப்பட்ட வழக்குகளில் முதல் கேள்வி. அதற்கான விடையை உங்கள் நோட்டே தந்துவிடுகிறது.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்காதது நல்லது. யாராவது அப்படி யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். ஆவணத்தை அழிப்பது தனிக் குற்றம். அதைவிட முக்கியமாக, இன்சூரன்ஸ் நிறுவனத்தை எதிர்க்கும்போது அதே பக்கம் உங்களுக்கு உதவப்போகிறது. எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

பாலிசி குற்றத்துக்கு அல்ல, உங்கள் கவனக்குறைவுக்கு

பொதுப் பொறுப்புக் காப்பீடு என்பது உங்கள் வளாகத்தில் காயம்பட்டவர் எவருக்கும் தானாகப் பணம் கொடுக்கும் ஏற்பாடு அல்ல. உங்கள் மீது சட்டப்படி விழும் இழப்பீட்டுப் பொறுப்பை, பாலிசியின் வரம்புக்குள்ளும் நிபந்தனைகளுக்குள்ளும் நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது. நிறுவனத்தின் சம்மதத்தோடு செய்யும் வழக்குச் செலவையும் பெரும்பாலும் அதுவே ஏற்கிறது. ஆகவே “என் மேல் தவறே இல்லை” என்று நிறுவனத்திடம் வாதாடுவது உங்களுக்குப் பயன் தராது. தவறே இல்லையென்றால் ஓட்டுநரின் வழக்கு தோற்கும், நிறுவனம் தர வேண்டியதும் எதுவும் இருக்காது. “என் மீது கவனக்குறைவு சுமத்தப்படுகிறது, அந்தப் பொறுப்புக்குத்தான் பிரீமியம் கட்டினேன்” என்பதே உங்கள் நிலைப்பாடாக இருக்க வேண்டும். மேலாளரின் நோட்டு காட்டுவதும் அதைத்தான்: அது அலட்சியம், உள்நோக்கம் அல்ல.

இதில் ஓர் எல்லைக்கோடு உண்டு. சட்ட விதியை வேண்டுமென்றே மீறியதால் எழும் பொறுப்பை இந்தியாவில் விற்கப்படும் இத்தகைய பாலிசிகள் வழக்கமாக விலக்குகின்றன. நகர்ப்புறங்களில் பொதுக் கட்டடங்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2012இலேயே விதிகள் வந்துவிட்டன. ராமேஸ்வரம் நகராட்சி என்பதால் நிறுவனம் அதைப் பிடித்துக்கொள்ளக்கூடும். கேமரா பொருத்தவே இல்லை என்பது வேறு, பொருத்திய கேமரா பழுதாகி ஆளைக் கூப்பிட்டும் வரவில்லை என்பது வேறு. பழுது பார்ப்பவருக்கு நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகள் இருந்தால் உடனே பத்திரப்படுத்துங்கள்.

வேண்டுமென்றே வெட்டியது எப்படி விபத்து ஆகும்?

நிறுவனத்தின் முதல் காரணம் கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் இத்தகைய பாலிசிகளில் விபத்து என்பதற்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம், தற்செயலான, திடீரென்று நிகழ்கிற, எதிர்பாராத, உள்நோக்கமற்ற நிகழ்வு என்பதாகும். யாருடைய உள்நோக்கம், யார் எதிர்பாராதது என்று அந்த வரி சொல்வதில்லை. வெட்டியவரின் கண்ணால் பார்த்தால் அது திட்டமிட்ட செயல். காப்பீடு எடுத்த உங்கள் கண்ணால் பார்த்தால் நீங்கள் விரும்பாத, திட்டமிடாத நிகழ்வு. பொறுப்புக் காப்பீட்டில் இரண்டாவது பார்வையே சரி என்பது என் கருத்து. வாசகம் இரண்டு பொருளுக்கு இடம் கொடுத்தால், அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவும் காப்பீடு எடுத்தவருக்குச் சாதகமாகவும் பொருள் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. 2020இல் கனரா வங்கி வழக்கிலும் அதே அணுகுமுறைதான்.

குற்றச் செயலும் விபத்தாகலாம் என்பதற்கு ரீட்டா தேவி வழக்கை (2000) உங்கள் வக்கீல் காட்டுவார். ஆட்டோவைத் திருட வந்தவர்கள் ஓட்டுநரைக் கொன்ற அந்த வழக்கில், திருட்டே முதன்மை நோக்கமாக இருந்து அதன் போக்கில் கொலை நடந்ததால் அது விபத்துத்தன்மை உள்ள கொலை என்று உச்ச நீதிமன்றம் கூறி, குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்க வழி செய்தது. ஆனால் கவனமாக இருங்கள். குறிப்பிட்ட ஆளைக் கொல்வதே முதன்மை நோக்கமாக இருந்தால் அது வெறும் கொலைதான், விபத்து அல்ல என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. உங்கள் சம்பவத்தில் வந்தவர்கள் அந்த ஓட்டுநரைத் தேடியே வந்தார்கள். ஆகவே எதிர்த்தரப்பும் அதே தீர்ப்பைக் கையில் எடுக்கும். அது மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கு, உங்களுடையது பொறுப்புக் காப்பீடு என்ற வேறுபாட்டை உங்கள் தரப்பு தெளிவாக எடுத்துவைக்க வேண்டும்.

விலக்குப் பிரிவை வரிவரியாகப் படியுங்கள்

உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நீங்கள் அனுப்பியிருப்பது பாலிசியின் முதல் இரண்டு பக்கங்களும் மறுப்புக் கடிதமும் மட்டுமே. மறுப்புக் கடிதம் ஓர் எண்டார்ஸ்மென்ட்டை, அதாவது பாலிசியோடு பின்னர் சேர்க்கப்படும் தாளை, எண் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்தத் தாள் உங்களிடம் இல்லை என்கிறீர்கள். முதல் வேலையாக, அதன் நகலைக் கேட்டுப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். அது கைக்கு வந்ததும், கீழே சொல்லும் மூன்று வகைகளில் எந்த வகை என்று பாருங்கள்.

முதல் வகை, காப்பீடு எடுத்தவரே எதிர்பார்த்து அல்லது விரும்பிச் செய்த காயத்தை மட்டும் விலக்குவது. கமர்ஷியல் ஜெனரல் லயபிலிட்டி, அதாவது தொழில் நடத்துபவர்களுக்கான விரிவான பொறுப்புக் காப்பீட்டு, பாலிசிகளில் பொதுவாகக் காணப்படும் வாசகம் இது. நீங்களோ உங்கள் சார்பில் ஒருவரோ தாக்கியிருந்தால்தான் இது குறுக்கே நிற்கும். ஆளையும் உடைமையையும் காக்க நியாயமான அளவு பலத்தைப் பயன்படுத்தியதற்கு அதிலேயே விதிவிலக்கும் இருப்பது வழக்கம். உங்கள் வாட்ச்மேன் கம்பால் ஒருவரை அடித்தார் என்று எழுதியிருப்பதால் அந்த வரியையும் பாருங்கள். இந்த வகை விலக்கை மட்டும் வைத்து நிறுவனம் மறுத்திருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது.

இரண்டாம் வகை, யார் செய்தாலும் தாக்குதலால் எழும் எந்தக் கோரிக்கையையும் விலக்குவது. அசால்ட் அண்ட் பேட்டரி எக்ஸ்க்ளூஷன் என்று துறையில் சொல்வது இதைத்தான். அமெரிக்காவில் மதுக்கூடங்களுக்கும் இரவு விடுதிகளுக்கும் எழுதப்படும் பாலிசிகளில் அடிக்கடி காணப்படும் விலக்கு இது. கோயிலுக்கு வரும் குடும்பங்கள் தங்கும் இடத்துக்கு இதை ஒட்டவைப்பது பொருத்தமே இல்லை என்று நான் நினைக்கிறேன். பொருத்தமில்லாததாலேயே அது செல்லாமல் போய்விடாது என்பதையும் சொல்ல வேண்டும். தாக்குதல் என்ற சொல்லோடு அந்த வரி நின்றுவிட்டால், ஓட்டுநர் கேட்பது தாக்குதலுக்கான பணம் அல்ல, கேட்டைப் பூட்டாததற்கான பணம் என்று வாதாட இடம் உண்டு.

மூன்றாம் வகை அந்த இடத்தையும் அடைத்துவிடும். தாக்குதலைத் தடுக்கத் தவறியது, போதிய காவல் போடாதது, ஆட்களைச் சரியாகத் தேர்ந்தெடுக்காதது, மேற்பார்வை செய்யாதது என்று எந்தப் பெயரில் கோரிக்கை வந்தாலும், அதன் வேர் தாக்குதலாக இருந்தால் நிறுவனம் இழப்பீடும் தராது, வழக்கையும் நடத்தாது என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்கும். உங்கள் தாளில் இந்த வாசகம் இருந்து, அது பாலிசி தொடங்கும்போதே உங்களுக்குத் தரப்பட்டும் இருந்தால், கோரிக்கை தோற்கும் வாய்ப்பே அதிகம். வீண் நம்பிக்கை தர எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அது உங்களுக்குத் தரப்பட்டதா? “எது நடந்தாலும் கவர் ஆகும்” என்று ஏஜென்ட் வாயால் சொன்னது பாலிசியின் வாசகத்தை மாற்றாது. நீங்கள் அதை மட்டும் நம்பியிருப்பது உங்கள் தவறான எண்ணங்களில் ஒன்று. அதே சமயம், விலக்குப் பிரிவு காப்பீடு எடுத்தவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லையென்றால் அதை அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்று மாடர்ன் இன்சுலேட்டர்ஸ் வழக்கில் (2000) உச்ச நீதிமன்றம் கூறியது. 2022இல் டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் வழக்கிலும் விலக்குப் பிரிவுகளைத் தெரியப்படுத்தும் கடமையை வலியுறுத்தியிருக்கிறது. விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் மீதே என்பது ஈஷர் தாஸ் மதன் லால் வழக்கில் (2007) தெளிவாக்கப்பட்டது. எனவே பாலிசி எப்போது, எந்த வழியில், எத்தனை பக்கமாக வந்தது என்பதற்கான சான்றைத் தேடுங்கள். மின்னஞ்சலில் இரண்டு பக்க பி.டி.எஃப். மட்டும் வந்திருந்தால் அந்த மின்னஞ்சலே உங்கள் சிறந்த சாட்சி.

40 நாள் தாமதம்

இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருக்கும் உண்மையான கோரிக்கையை இயந்திரத்தனமாக மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டது. ஓம் பிரகாஷ் வழக்கில் (2017) உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. போலீஸ் விசாரணை, மருத்துவமனை அலைச்சல், ஓட்டுநர் உங்களிடம் பணம் கேட்பார் என்று அப்போது தெரியாதது ஆகியவற்றைத் தேதியோடு எழுதுங்கள். பல பொறுப்புக் காப்பீடுகள் கோரிக்கை எழும் தேதியை அடிப்படையாகக் கொண்டவை, அதாவது கோரிக்கை வரும்போது பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். நீங்கள் இடைவெளி விடாமல் அதே நிறுவனத்தில் புதுப்பித்திருப்பது நல்லது. இந்த விவகாரம் முடியும்வரை வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கு முன் ஒரு முறை வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாட்ச்மேனும், தீ இன்சூரன்ஸும், கையெழுத்தும்

வாட்ச்மேனின் காயம் இந்தப் பாலிசிக்குள் வராது. பொதுப் பொறுப்புக் காப்பீடு வெளியாருக்கானது. தொழிலாளிக்குச் சட்டப்படி தனியாகப் பணியாளர் இழப்பீடு உண்டு, 10 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் விடுதியாக இருந்து அவருடைய சம்பளமும் வரம்புக்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. இருக்கிறது. பணியின்போது, பணியின் காரணமாக ஏற்பட்ட காயம் என்பதில் இங்கே பெரிய சந்தேகம் இல்லை. தனக்கென்று எதுவும் கேட்காமல் அரிவாளுக்குக் குறுக்கே போன அந்த மனிதருக்கு உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. அவருக்குச் சேர வேண்டியதை முதலில் முடித்துவிடுங்கள்.

உங்கள் கட்டடத்துக்கு இருக்கும் தீ இன்சூரன்ஸில் கலவரம், வன்செயல் சேதம் எல்லாம் சேர்ந்திருப்பதால் அதில் கேட்கலாமா என்கிறீர்கள். அது கண்ணாடி, கதவு, மேசை போன்ற பொருள்சேதத்துக்கு மட்டுமே. மனிதரின் காயத்துக்கு அதில் இடமில்லை. 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டமும் உங்களுக்கு உதவாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் அது அபாயகரமான பொருள்களைக் கையாளும் நிறுவனங்களுக்கானது.

ஓட்டுநரின் குடும்பத்துக்கு மனமிரங்கி 50,000 ரூபாய் கொடுத்ததாகவும், “எங்கள் பொறுப்பை ஏற்கிறோம்” என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பணம் கொடுத்ததில் தவறில்லை. ஆனால் நிறுவனத்தின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்வதோ சமரசம் செய்வதோ பாலிசி நிபந்தனையை மீறுவதாகும். நிறுவனத்துக்கு நான்காவது காரணத்தை நீங்களே எடுத்துக் கொடுத்தது போலாகிவிடும். மனிதாபிமான உதவி, பொறுப்பை ஒப்புக்கொள்வது அல்ல என்று குறிப்பிட்டு ரசீது மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கே போவது

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு, மூன்று காரணங்களுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி மறுபரிசீலனை கேளுங்கள். மறுப்புக் கடிதத்தில் சொல்லாத புதிய காரணத்தை நிறுவனம் பின்னால் நீதிமன்றத்தில் எடுக்க முடியாது என்பது சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் (2019) உறுதியாகியிருப்பதால், அந்த மறுப்புக் கடிதத்தின் மூலத்தைப் பத்திரமாக வையுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா இணையதளத்திலும் புகாரைப் பதியலாம்.

ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ, சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம், ஓராண்டுக்குள் போகலாம். தனி உரிமையாளர் தொழில்களும் குறுந்தொழில்களும் அங்கே புகார் செய்யலாம், கட்டணம் இல்லை, 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்க முடியும், அவர் அளிக்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். விடுதி உங்கள் பெயரிலேயே இருப்பதால் இந்தக் கதவு உங்களுக்குத் திறந்திருக்கிறது. ஆனால் அதே விவகாரம் நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ இருந்தால் அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். ஆகவே வரிசை முக்கியம்.

வணிகத்துக்காக எடுத்த பாலிசி என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. இழப்பை ஈடுகட்ட எடுக்கும் காப்பீடு லாபம் தேடும் செயல் அல்ல என்று ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. எந்த ஆணையம் என்பது நீங்கள் கட்டிய பிரீமியத்தைப் பொறுத்தது. 50 லட்சத்துக்குள் என்பதால் ராமநாதபுரம் மாவட்ட ஆணையமே போதும், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. மறுப்புக் கிடைத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் கால வரம்பு. விலக்குத் தாள் தரப்படவில்லை என்ற உங்கள் வாதத்துக்குச் சாட்சி விசாரணை தேவைப்படும் என்பதால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஆணையத்தையே தேர்ந்தெடுப்பேன்.

இதெல்லாம் நடக்கும்போது ஓட்டுநரின் நோட்டீஸைக் கிடப்பில் போட்டுவிடாதீர்கள். வக்கீல் மூலம் பதில் அனுப்பி அதன் நகலை நிறுவனத்துக்கும் கொடுங்கள். நாளை அவர் வழக்குப் போட்டால் சம்மன் வந்த உடனே நிறுவனத்துக்கு எழுதி, உங்கள் சார்பில் வழக்கை நடத்தும்படி கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பும் பின்னால் செலவுத்தொகையைக் கேட்கப் பயன்படும்.

கடைசியாக, ஓட்டுநரைப் பற்றி. அவர் உங்களை மிரட்டிப் பணம் பறிக்கப் பார்க்கிறார் என்று எழுதியிருப்பது எனக்கு வருத்தம் தந்தது. வண்டி ஓட்டிப் பிழைத்தவர், இனி ஓட்ட முடியாது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு நிதியிலிருந்து இழப்பீடு தரும் திட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது; குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 396ஆம் பிரிவில் இதற்கு வழி இருக்கிறது, எப்படிப் பெறுவது என்று ராமநாதபுரம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அவர் கேட்கலாம். உங்கள் பதில் நோட்டீஸிலேயே இதைக் குறிப்பிடச் சொல்லி, எஃப்.ஐ.ஆர். நகலும் விடுதிப் பதிவேட்டின் நகலும் அவர் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். பின்பக்கக் கேட்டுக்கு இந்த வாரமே புதுத் தாழ்ப்பாள் போட்டு, பில்லைத் தேதியோடு வாங்கி வையுங்கள்.